பிறருக்காகக் கட்டப்பட்ட ‘சிங்கம்’: கிரேக்கப் போர்க்கப்பல் லியோனின் கதை

கிரேக்கக் கடற்படையில் 1912 முதல் 1941 வரை பணியாற்றிய ‘லியோன்’ என்ற நாசகாரிப் போர்க்கப்பல், பால்கன் போரையும் இரண்டு உலகப் போர்களையும் கண்டது. தப்பியோடிய சர்வாதிகாரி ஒருவரைக் கடலில் துரத்திப் பிடித்தது. ஒன்பது ஆண்டுகள் கழித்து, அரசுக்கு எதிராகக் கிளம்பிய கடற்படையினரின் கையில் அதே கப்பல் இருந்தது. நேச நாடு ஒன்றே அதனைப் பறிமுதல் செய்து தன் கொடியை ஏற்றிய காலமும் உண்டு. இறுதியில் கிரீட் தீவின் சூடா விரிகுடாவில் ஜெர்மானிய விமானங்களின் குண்டுவீச்சில் மூழ்கியது.

ஆயினும், இந்தக் கப்பலின் வரலாற்றில் இருமுறை நேர்ந்த பெருஞ்சேதத்துக்குப் பகைவரின் குண்டுகள் காரணமல்ல. இரண்டு முறையும் அதன் பின்பகுதியைச் சிதைத்தவை அதன் தளத்தில் இருந்த ஆழ்நீர் வெடிகுண்டுகளே. அதைவிட வியப்பானது அதன் தொடக்கம். கிரேக்கர்கள் வாங்கியபோது அந்தக் கப்பலுக்கு வேறொரு நாட்டின் நகரப் பெயர் சூட்டப்பட்டிருந்தது. அது போருக்குச் சென்றபோது, அதன் முதன்மை ஆயுதமே அதனிடம் இல்லை.

அர்ஜென்டினாவுக்காக உருவான கப்பல்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென் அமெரிக்க நாடுகளிடையே கடற்படைப் போட்டி தீவிரமடைந்திருந்தது. பிரேசில் பெரும் போர்க்கப்பல்களை வாங்கியதைத் தொடர்ந்து அர்ஜென்டினாவும் தன் கடற்படையை விரிவாக்க முடிவு செய்தது. 1910-ஆம் ஆண்டு பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி ஆகிய மூன்று நாடுகளிலும் தலா நான்கு வீதம் 12 நாசகாரிக் கப்பல்களுக்கு அது ஆணை கொடுத்தது.

அந்த 12 கப்பல்களில் அர்ஜென்டினாவின் கைக்குச் சென்றவை ஜெர்மனியில் கட்டப்பட்ட நான்கு மட்டுமே. பிரான்ஸில் கட்டப்பட்டு வந்தவற்றை, முதலாம் உலகப் போர் மூண்டதும் பிரெஞ்சுக் கடற்படை தனக்கென எடுத்துக்கொண்டது. பிரிட்டனின் பர்க்கன்ஹெட் நகரில் கேமல் லேர்ட் தளத்தில் கட்டப்பட்ட நான்கையும் கிரேக்கம் வாங்கியது. சான் லூயிஸ், சாந்தா ஃபே, சாந்தியாகோ, துகுமான் என்பன அவற்றின் பழைய பெயர்கள். இவற்றுள் துகுமான்தான் பின்னாளில் லியோன் ஆனது. அர்ஜென்டினாவின் விடுதலை 1816-இல் அறிவிக்கப்பட்ட நகரம் துகுமான். அந்த வரலாற்றுப் பெயரைத் தாங்கியிருக்க வேண்டிய கப்பல், அட்லாண்டிக் கடலைக் கடந்து தன் நாட்டைக் காணவேயில்லை.

1912 இலையுதிர் காலத்தில் ஒட்டோமான் பேரரசுக்கு எதிராகப் பல்கேரியா, செர்பியா, மாண்டினீக்ரோ ஆகிய நாடுகளுடன் கிரேக்கம் அணி சேர்ந்திருந்தது. போர் எந்நேரமும் மூளலாம் என்ற நிலையில், புதிய கப்பல்களுக்கு ஆணை கொடுத்து இரண்டு ஆண்டுகள் காத்திருக்க அவகாசமில்லை. கட்டி முடிக்கப்பட்டு, ஒப்படைக்கத் தயாராக இருந்த கப்பல்களே தேவைப்பட்டன. ஒன்றுக்கு 1,48,000 பவுண்டு என்ற விலையில் நான்கையும் கிரேக்க அரசு வாங்கியது.

புதிய பெயர்களாக விலங்குகளும் பறவைகளும் தேர்ந்தெடுக்கப்பட்டன. அயேட்டோஸ் என்றால் கழுகு. இயராக்ஸ் என்றால் பருந்து இனப் பறவை. பாந்திர் என்பது சிறுத்தை. லியோன் என்பது சிங்கம். இதனால் கிரேக்க மாலுமிகள் இந்த நான்கையும் சேர்த்து ‘விலங்குகள்’ என்ற பொருளில் ‘தீரியா’ என அழைத்தனர்.

பிறர் கட்டிய, பிறருக்காகக் கட்டிய கப்பல்களை வாங்குவது கிரேக்கத்துக்குப் புதிதன்று. அந்நாட்டின் புகழ்பெற்ற கவசக் கப்பலான ‘யோர்கியோஸ் அவெரோஃப்’ இத்தாலியின் லிவோர்னோவில் இத்தாலியக் கடற்படைக்கெனத் தொடங்கப்பட்டு, பின்னர் கைவிடப்பட்டது. செல்வந்தர் யோர்கியோஸ் அவெரோஃப் விட்டுச்சென்ற கொடையின் உதவியால் கிரேக்கம் அதனை வாங்கியது. 1914-இல் வந்த ‘எல்லி’, சீனாவுக்காக அமெரிக்காவில் கட்டப்பட்டது. அதே ஆண்டு வந்த ‘கில்கிஸ்’, ‘லெம்னோஸ்’ இரண்டும் அமெரிக்கக் கடற்படை பயன்படுத்திவிட்டு விற்றவை. சிறிய நாடு, குறைந்த நிதி, அருகில் பெரிய பகை ஆகிய மூன்றும் சேர்ந்தபோது சந்தையில் கிடைப்பதை வாங்குவதே அன்றைய கிரேக்கத்தின் கடற்படைக் கொள்கையாக இருந்தது என்று கூறினால் அது மிகையாகாது.

டார்பிடோ இல்லாத நாசகாரி

‘நாசகாரி’ என்று தமிழில் நாம் எழுதும் கப்பல் வகையின் தோற்றமே டார்பிடோவுடன் தொடர்புடையது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில், நீருக்கடியில் பாய்ந்து சென்று வெடிக்கும் டார்பிடோவைச் சுமந்த சிறு படகுகள் பெரும் போர்க்கப்பல்களுக்கு அச்சுறுத்தலாக விளங்கின. அந்தப் படகுகளை வேட்டையாடுவதற்கென உருவாக்கப்பட்ட சற்றே பெரிய, வேகமான கப்பலே நாசகாரி. கிரேக்க மொழியில் இதன் பெயர் ‘அந்திடோர்பிலிகோ’, அதாவது டார்பிடோவுக்கு எதிரானது. தமிழ்ச் சொல்லைவிட அந்தச் சொல்லே கப்பலின் பணியைத் தெளிவாகச் சொல்கிறது. காலப்போக்கில் நாசகாரிகளே டார்பிடோக்களை ஏந்தி, பெரிய கப்பல்களைத் தாக்கத் தொடங்கின.

லியோன் தன் காலத்தின் நவீனக் கப்பல். அதன் எடை ஏறத்தாழ 980 டன். நீளம் 89 மீட்டருக்கும் சற்று அதிகம். மணிக்கு 32 கடல் மைல் வேகத்தில் செல்லக்கூடியது. 102 மில்லிமீட்டர் பீரங்கிகள் நான்கும், 533 மில்லிமீட்டர் டார்பிடோக் குழாய்கள் நான்கும் அதில் பொருத்தப்பட்டிருந்தன. கொதிகலன்கள் ஐந்து, புகைபோக்கிகளும் ஐந்து.

ஆனால், குழாய்களில் இடுவதற்கு டார்பிடோக்கள் கிடைக்கவில்லை. அவசரமாக நடந்த கொள்முதலில் இந்த வகைக் கப்பல்களுக்கென வாங்க முடிந்தது குறைந்தபட்ச அளவான 3,000 பீரங்கிக் குண்டுகள் மட்டுமே. இதனால் கிரேக்கக் கடற்படை தொடக்கத்தில் இவற்றை நாசகாரிகள் என்று வகைப்படுத்தவில்லை. ‘வேவுக் கப்பல்கள்’ என்றே குறிப்பிட்டது. பெயரை மாற்றி வைத்த அந்த நேர்மை பாராட்டத்தக்கது என்றாலும், புத்தம்புதிய நான்கு கப்பல்கள் பாதி ஆயுதத்துடன் போர்முனைக்குப் போயின என்பதே உண்மை நிலை.

அந்தக் குறை எத்தகையது என்பதை அதே போரின் மற்றொரு நிகழ்வு உணர்த்துகிறது. 1912 அக்டோபர் 31 இரவு, நிகோலாஸ் வோட்சிஸ் என்ற இளம் அதிகாரி, 1880-களில் கட்டப்பட்ட ‘11-ஆம் எண் டார்பிடோப் படகு’ என்ற பழைய சிறு கலத்தைத் தெஸ்ஸலோனிக்கி துறைமுகத்துக்குள் ஓசையின்றிச் செலுத்தினார். அங்கு நின்றிருந்த ‘ஃபெத்-இ-புலெந்த்’ என்ற ஒட்டோமான் கவசக் கப்பலை டார்பிடோவால் மூழ்கடித்துவிட்டுத் திரும்பினார். கால் நூற்றாண்டு பழமையான படகு செய்து முடித்த வேலையை, அன்றைய நிலையில் லியோனால் செய்திருக்க முடியாது.

(அக்காலத்தில் கிரேக்கம் பழைய ஜூலியன் நாள்காட்டியைப் பின்பற்றியது. கிரேக்க ஆவணங்களில் இந்நிகழ்வுகள் 13 நாள் முன்னதாகக் குறிக்கப்பட்டிருக்கும். இக்கட்டுரையில் உள்ளவை இன்றைய நாள்காட்டிப்படியான தேதிகள்.)

டார்டனெல்ஸ் நீரிணையின் வாயிலில் 1912 டிசம்பர் 16 அன்று நடந்த எல்லி கடற்போரில், அட்மிரல் பாவ்லோஸ் குந்துரியோடிஸ் தலைமையிலான கிரேக்க அணியில் நான்கு ‘விலங்குகளும்’ இடம்பெற்றன. அந்தப் போரின் நாயகன் அவெரோஃப் கப்பலே. மெதுவாகச் செல்லும் மூன்று பழைய கப்பல்களை விட்டுப் பிரிந்து, அது தனியே விரைந்து சென்று ஒட்டோமான் அணியின் முகப்பைக் குறுக்கே மறித்தது. ஒட்டோமான் கப்பல்கள் நீரிணைக்குள் பின்வாங்கின. அடுத்த மாதம் லெம்னோஸ் தீவருகே நடந்த இரண்டாவது போருக்குப் பின், ஒட்டோமான் கடற்படை ஏஜியன் கடலுக்கு வர மீண்டும் துணியவில்லை. ஆசியக் கரையில் இருந்த ஒட்டோமான் படைகளைக் கடல்வழியே பால்கன் போர்முனைக்குக் கொண்டுசெல்ல முடியாமல் போனதற்கு இந்த முற்றுகையே காரணம்.

இந்த முற்றுகையின்போது நடந்த ஒரு சம்பவம் உலக விமானப் போர் வரலாற்றிலும் இடம்பெறுகிறது. 1913 பிப்ரவரி 5 அன்று மிகாயில் மூதூசிஸ், அரிஸ்டெய்டிஸ் மொராய்டினிஸ் ஆகிய இரு கிரேக்க அதிகாரிகள் கடல் விமானம் ஒன்றில் டார்டனெல்ஸ் மீது பறந்து, ஒட்டோமான் கப்பல்களின் நிலையைக் குறித்துக்கொண்டு, நான்கு குண்டுகளையும் வீசினர். திரும்பும் வழியில் எந்திரம் பழுதாகி விமானம் கடலில் இறங்கியது. அவர்களை மீட்டது ‘வெலோஸ்’ என்ற மற்றொரு கிரேக்க நாசகாரி. வெலோஸ் என்பதற்கு அம்பு என்று பொருள்.

பிரெஞ்சுக் கொடியின் கீழ்

முதலாம் உலகப் போர் கிரேக்கத்தை இரண்டாகப் பிளந்தது. நடுநிலை வகிக்க விரும்பினார் மன்னர் கான்ஸ்டன்டைன். பிரிட்டன், பிரான்ஸ் பக்கம் சேர வேண்டும் என்றார் எலெஃப்தேரியோஸ் வெனிசெலோஸ். 1916 இலையுதிர் காலத்தில் தெஸ்ஸலோனிக்கியில் வெனிசெலோஸ் தனி அரசை நிறுவினார். ஏதென்ஸில் இருந்த அரசு தங்களுக்கு எதிராகத் திரும்பக்கூடும் என்று நேச நாடுகள் ஐயுற்றன.

1916 அக்டோபரில் பிரெஞ்சு அட்மிரல் டார்ட்டீஜ் டு ஃபூர்னே விடுத்த இறுதி எச்சரிக்கையை அடுத்து, கிரேக்கத்தின் இலகுரகப் போர்க்கப்பல்கள் பறிமுதல் செய்யப்பட்டன. லியோனும் அதன் மூன்று உடன்பிறப்புகளும் அவற்றுள் அடங்கும். நவம்பரில் அவற்றைப் பிரெஞ்சுக் கடற்படை தன்வசம் ஏற்று, 1917–18 காலத்தில் தன் பணியில் ஈடுபடுத்தியது.

1917 ஜூனில் மன்னர் நாட்டை விட்டு வெளியேறினார். வெனிசெலோஸ் தலைமையில் கிரேக்கம் நேச நாடுகளின் பக்கம் போரில் இறங்கியது. 1918-இல் இந்நான்கு கப்பல்களும் மீண்டும் கிரேக்கக் கொடியுடன் ஏஜியன் கடலில் காவல் பணிக்குத் திரும்பின. ஒரே போரில், ஒரே தரப்பில், இரு கொடிகளின் கீழ் பணியாற்றிய அனுபவம் லியோனுக்கு வாய்த்தது.

முதல் விபத்து

முதலாம் உலகப் போரில் ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல்களை எதிர்கொள்வதற்காகப் பரவலான புதிய ஆயுதம் ஆழ்நீர் வெடிகுண்டு. பீப்பாய் வடிவில் அமைந்த அதற்குள் வெடிமருந்தும், நீரின் அழுத்தத்தால் இயங்கும் வெடிப்பு விசையும் இருக்கும். குறிப்பிட்ட ஆழத்தை முன்கூட்டியே அமைத்துக் கப்பலின் பின்பகுதியிலிருந்து கடலில் உருட்டிவிடுவார்கள். அந்த ஆழத்தை எட்டியதும் அது வெடிக்கும். நீர்மூழ்கியை அது நேரடியாகத் தொட வேண்டியதில்லை. அருகில் வெடித்தால், நீரின் அதிர்ச்சியே உடற்பகுதியைப் பிளந்துவிடும்.

இந்த ஆயுதத்தை வீசும் கப்பலுக்கும் அதே அபாயம் உண்டு. குண்டு வெடிப்பதற்குள் கப்பல் முன்னே விரைந்து விலகியாக வேண்டும். நின்றிருக்கும் கப்பலிலிருந்தோ, மெதுவாகச் செல்லும் கப்பலிலிருந்தோ வெடிநிலையில் அமைக்கப்பட்ட குண்டு தவறி விழுந்தால், அது அந்தக் கப்பலின் அடியிலேயே வெடிக்கும்.

1921 டிசம்பரில் பிரேயஸ் துறைமுகத்தில் இயராக்ஸ் கப்பலின் பக்கத்தில் லியோன் கட்டப்பட்டிருந்தபோது, அதன் ஆழ்நீர் வெடிகுண்டுகள் வெடித்துப் பின்பகுதி கடுமையாகச் சேதமடைந்தது. அப்போது கிரேக்கம் துருக்கியுடன் ஆசியா மைனரில் போரிட்டுக்கொண்டிருந்தது. லியோன் சேதமடைந்ததோ போர்முனையில் அன்று, தாய்த் துறைமுகத்தில்.

ஐந்து புகைபோக்கிகள் இரண்டாயின

1924–25-இல் நான்கு கப்பல்களும் முழுமையாகப் புதுப்பிக்கப்பட்டன. நிலக்கரியை முதன்மை எரிபொருளாகக் கொண்ட பழைய கொதிகலன்கள் அகற்றப்பட்டு, எண்ணெயில் இயங்கும் புதியவை பொருத்தப்பட்டன. இதனால் ஐந்து புகைபோக்கிகள் இரண்டாகக் குறைந்தன. பழைய படத்தையும் புதிய படத்தையும் அருகருகே வைத்துப் பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே கப்பல் என்று நம்புவது கடினம். டார்பிடோக் குழாய்களின் எண்ணிக்கையும் ஆறாக உயர்ந்தது. அயேட்டோஸ், பாந்திர் ஆகிய இரண்டிலும் கடல் கண்ணிவெடிகளை இடும் வசதி சேர்க்கப்பட்டது.

எண்ணெய்க்கு மாறியதன் பயனை மாலுமிகளே நன்கு உணர்ந்திருப்பர். நிலக்கரிக் கப்பலில் ஒவ்வொரு பயணத்துக்கும் முன் மூட்டை மூட்டையாகக் கரியை ஏற்ற வேண்டும். பயணம் முழுதும் கொதிகலன் அறையின் வெப்பத்தில் நின்று அள்ளிப்போட வேண்டும். எண்ணெய் என்றால் குழாயும் வால்வும் போதும். வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் நேரம் பிடிக்காது.

சர்வாதிகாரியைத் துரத்திய கப்பல்

புதுப்பிக்கப்பட்ட வேகத்தைக் காட்டும் வாய்ப்பு 1926-இல் வந்தது. 1925 ஜூனில் ஆட்சியைக் கைப்பற்றிய ஜெனரல் தியோடோரோஸ் பங்காலோஸ், 1926 ஜனவரியில் தன்னைச் சர்வாதிகாரியாக அறிவித்துக்கொண்டார். பெண்களின் பாவாடை விளிம்பு தரையிலிருந்து 30 சென்டிமீட்டருக்கு மேல் உயரக் கூடாது என்று அவர் பிறப்பித்த ஆணை இன்றும் கேலியாக நினைவுகூரப்படுகிறது.

1926 ஆகஸ்ட் 22 அன்று, பங்காலோஸ் ஸ்பெட்செஸ் தீவில் ஓய்வில் இருந்தபோது, ஏதென்ஸில் ஜெனரல் யோர்கியோஸ் கொண்டிலிஸ் ஆட்சியைக் கவிழ்த்தார். செய்தி அறிந்த பங்காலோஸ் ‘பெர்கமோஸ்’ என்ற டார்பிடோப் படகில் ஏறித் தப்பினார். ஆஸ்திரிய–ஹங்கேரியக் கடற்படையிடமிருந்து போர் இழப்பீடாகக் கிடைத்த கலம் அது. அதனைத் துரத்திச் சென்ற லியோன், பெலோபொனீஸ் தீபகற்பத்தின் தென்முனையான மட்டபான் முனையருகே அதனை எட்டிப் பிடித்தது. டார்பிடோப் படகுகளை வேட்டையாடவே நாசகாரிகள் உருவாக்கப்பட்டன என்று மேலே குறிப்பிட்டோம். லியோன் அந்த இலக்கணத்துக்கு முழுமையாகப் பொருந்திய ஒரு நாள் அது. ஆனால், அது பிடித்தது தன் நாட்டின் படகையே.

பங்காலோஸ் கிரீட் தீவின் சூடா விரிகுடா அருகே உள்ள இஸ்ஸெதீன் கோட்டையில் இரண்டு ஆண்டுகள் சிறை வைக்கப்பட்டார்.

1935 மார்ச் 1 அன்று வெனிசெலோஸ் ஆதரவு அதிகாரிகள் அரசுக்கு எதிராகக் கிளர்ச்சி செய்து, சலாமிஸ் கடற்படைத் தளத்தைக் கைப்பற்றினர். அவெரோஃப் உள்ளிட்ட கப்பல்களுடன் லியோனும் அவர்கள் வசமானது. வடக்கே தெஸ்ஸலோனிக்கி நோக்கிச் செல்வதற்கு மாறாக, கிளர்ச்சிக் கப்பல்கள் வெனிசெலோஸ் இருந்த கிரீட் தீவுக்குச் சென்றன. வடக்கில் இருந்த கிளர்ச்சிப் படைகள் துணையின்றித் தனித்து விடப்பட்டன. சில நாட்களில் கிளர்ச்சி தோற்றது. வெனிசெலோஸ் அப்போது இத்தாலியின் ஆட்சியில் இருந்த டோடெகனீஸ் தீவுகளுக்குத் தப்பினார். அதே ஆண்டு இறுதியில் மன்னராட்சி மீண்டும் வந்தது. கிளர்ச்சியில் பங்கேற்ற அனுபவமிக்க கடற்படை அதிகாரிகள் பலர் பணியிலிருந்து நீக்கப்பட்டனர். ஐந்து ஆண்டுகளில் உலகப் போரைச் சந்திக்கவிருந்த கடற்படைக்கு அது பேரிழப்பு.

1941 ஏப்ரல்

1940 அக்டோபர் 28 அன்று இத்தாலியின் இறுதி எச்சரிக்கையை கிரேக்கப் பிரதமர் யோவானிஸ் மெட்டாக்ஸாஸ் நிராகரித்தார். போர் தொடங்கியது. ஏறத்தாழ முப்பது ஆண்டு வயதான லியோனுக்குப் படைகளையும் பொருள்களையும் ஏற்றிச் செல்லும் கப்பல்களுக்குக் காவலாகச் செல்லும் பணி தரப்பட்டது. ஆல்பேனிய மலைகளில் இத்தாலியப் படைகளைக் கிரேக்கர்கள் பின்னுக்குத் தள்ளிய அந்தக் குளிர்காலத்தில், போர்முனைக்கான உயிர்நாடி கடல்வழியாகவே ஓடியது. அந்தப் பணியில் புகழ் இல்லை, இடைவெளியும் இல்லை.

1941 ஏப்ரல் 6 அன்று ஜெர்மனி படையெடுத்தது. அன்றிரவே பிரேயஸ் துறைமுகத்தில் வெடிமருந்துடன் நின்றிருந்த ‘கிளான் ஃபிரேசர்’ என்ற பிரிட்டிஷ் சரக்குக் கப்பல் குண்டுவீச்சில் தீப்பற்றி வெடித்தது. கிரேக்கத்தின் முதன்மைத் துறைமுகம் ஒரே இரவில் சின்னாபின்னமானது. அதன்பின் வான்வெளி ஜெர்மானியர் வசமாயிற்று.

ஏப்ரல் 18 அன்று ‘ஆர்டெனா’ என்ற பயணியர் கப்பலுக்குக் காவலாகச் சென்றபோது, லியோன் அதனுடனேயே மோதியது. மோதலின் அதிர்ச்சியில் இரண்டு ஆழ்நீர் வெடிகுண்டுகள் வெடித்தன. இருபது ஆண்டுகளுக்கு முன் பிரேயஸில் சிதைந்த அதே பின்பகுதி இம்முறை பிய்த்தெறியப்பட்டது. கப்பலின் சுக்கானும் உந்து விசிறிகளும் இருக்கும் இடம் அதுவே. அது போனால் கொதிகலனும் எந்திரமும் நன்றாக இருந்தும் பயனில்லை.

ஆர்டெனாவின் பின்கதையும் துயரமானது. முதலாம் உலகப் போரில் ‘பியோனி’ என்ற பெயரில் பிரிட்டிஷ் கடற்படையில் பணியாற்றி, பின்னர் பயணியர் கப்பலாக மாற்றப்பட்ட அது, பிற்பாடு ஜெர்மானியர் வசமாயிற்று. 1943 செப்டம்பர் 28 அன்று கெஃபலோனியா தீவிலிருந்து இத்தாலியப் போர்க் கைதிகளை ஏற்றிச் சென்றபோது கடல் கண்ணிவெடியில் சிக்கி மூழ்கியது. எழுநூறுக்கும் மேற்பட்ட கைதிகள் உயிரிழந்தனர்.

லியோன் விபத்துக்குள்ளான அதே ஏப்ரல் 18 இரவு, சலாமிஸில் அவெரோஃப் கப்பலின் மாலுமிகள், கப்பலை மூழ்கடித்துவிடும் உத்தரவை ஏற்க மறுத்து, கட்டுக் கயிறுகளை அறுத்துக்கொண்டு புறப்பட்டு, சில நாட்களில் எகிப்தின் அலெக்சாண்ட்ரியாவை அடைந்தனர். அயேட்டோஸ், இயராக்ஸ், பாந்திர் ஆகியவையும் அங்கு தப்பிச் சென்றன. அங்கிருந்தே பலவற்றுக்கு இந்தியாவுடன் தொடர்பு ஏற்பட்டது. அவெரோஃப் 1941 செப்டம்பர் முதல் அன்றைய பம்பாயைத் தளமாகக் கொண்டு இந்தியப் பெருங்கடலில் கப்பல் தொடர்களுக்குக் காவலாக இயங்கியது. ‘வசிலிஸ்ஸா ஓல்கா’ என்ற நவீன கிரேக்க நாசகாரி அதே ஆண்டு அக்டோபர் முதல் 1942 ஜனவரி வரை கல்கத்தாவில் புதுப்பிக்கப்பட்டது.

லியோனால் தன் சொந்த விசையில் செல்ல இயலவில்லை. முதலில் சலாமிஸுக்கு இழுத்துச் செல்லப்பட்ட அது, பின்னர் கிரீட் தீவின் சூடா விரிகுடாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. பின்பகுதி இல்லாத கப்பலை, வானம் முழுதும் எதிரி விமானங்கள் திரிந்த நாட்களில், 150 கடல் மைலுக்கும் அதிகமான தொலைவுக்கு இழுத்துச் சென்றது எளிய செயலன்று. அந்த வாரத்தில் நல்ல நிலையில் இருந்த கப்பல்களே தப்பவில்லை. ப்சாரா ஏப்ரல் 20 அன்றும், ஹிட்ரா ஏப்ரல் 22 அன்றும் மூழ்கடிக்கப்பட்டன. அமெரிக்காவிடமிருந்து வாங்கிய கில்கிஸும் லெம்னோஸும் ஏப்ரல் 23 அன்று சலாமிஸில் குண்டுவீச்சில் அமிழ்ந்தன.

சூடாவில் லியோனுக்குக் கிடைத்த புகலிடமும் பாதுகாப்பானதன்று. மார்ச் 26 அன்று வெடிமருந்து நிரப்பிய இத்தாலிய விரைவுப் படகுகளின் தாக்குதலில் சேதமுற்ற ‘யார்க்’ என்ற பெரும் பிரிட்டிஷ் போர்க்கப்பல் அதே விரிகுடாவில் கரைதட்டி நின்றது. கிரீட் மீதான வான்வழிப் படையெடுப்புக்கு முன்னோட்டமாக, ஜெர்மானிய விமானங்கள் துறைமுகத்தைத் தொடர்ந்து தாக்கின. மே 15 அன்று லியோன் குண்டுவீச்சில் மூழ்கியது. ஐந்து நாள் கழித்து, மே 20 காலையில், ஜெர்மானிய வான்குடைப் படையினர் தீவில் குதித்தனர்.

பதினைந்து ஆண்டுகளுக்கு முன் லியோன் பிடித்துக் கொடுத்த பங்காலோஸ் அடைக்கப்பட்டிருந்த கோட்டை, அந்த விரிகுடாவை நோக்கியே நிற்கிறது.

மற்ற மூன்று

தப்பிய மூன்று உடன்பிறப்புகளும் போரின் இறுதிவரை மிதந்தன. எனினும் இயராக்ஸ் கப்பலின் தளத்தில் கிரேக்கர்களின் குருதியைக் கிரேக்கர்களே சிந்தினர். 1944 ஏப்ரலில், நாடு கடந்த அரசின் அமைப்பை மாற்றக் கோரி எகிப்தில் இருந்த கிரேக்கப் படைகளிடையே கலகம் மூண்டது. இயராக்ஸும், சாக்டூரிஸ், அப்போஸ்டோலிஸ் என்ற இரு சிறு போர்க்கப்பல்களும் கலகக்காரர்கள் வசம் இருந்தன. ஏப்ரல் 23 அதிகாலை, அட்மிரல் பெட்ரோஸ் வூல்கரிஸின் உத்தரவின்பேரில் அரசு ஆதரவு மாலுமிகள் அலெக்சாண்ட்ரியா துறைமுகத்தில் அவற்றில் ஏறி, மோதலுக்குப் பின் மீட்டனர். உயிரிழப்பும் ஏற்பட்டது. வூல்கரிஸ் அடுத்த ஆண்டே கிரேக்கப் பிரதமரானார். போர் முடிந்ததும், 1946-இல், பழைய ‘விலங்குகள்’ பணியிலிருந்து விலக்கப்பட்டன.

துகுமான் என்ற பெயரை அர்ஜென்டினா மறக்கவில்லை. 1920-களின் இறுதியில் பிரிட்டனில் கட்டப்பட்ட மற்றொரு நாசகாரிக்கு அப்பெயர் சூட்டப்பட்டது. ஸ்பெயின் உள்நாட்டுப் போரின்போது அந்தக் கப்பல் பெருந்தொகையான அகதிகளை மீட்டுச் சென்றது.

லியோன் என்ற பெயரும் திரும்பி வந்தது. 1951-இல் அமெரிக்கா நான்கு காவல் நாசகாரிகளைக் கிரேக்கத்துக்கு வழங்கியபோது, அயேட்டோஸ், இயராக்ஸ், லியோன், பாந்திர் என்ற அதே நான்கு பெயர்களும் அவற்றுக்கு வைக்கப்பட்டன. இம்முறையும் அவை பிறருக்காகக் கட்டப்பட்டவை. இரண்டாவது லியோனின் அமெரிக்கப் பெயர் ‘எல்ட்ரிட்ஜ்’. 1943-இல் பிலடெல்பியா துறைமுகத்தில் கண்ணுக்குத் தெரியாமல் மறையச் செய்யப்பட்டதாக ஆதாரமற்ற கதை உலவுவது இந்தக் கப்பலைப் பற்றியே. ஆகவே, லியோன் என்ற கிரேக்கப் போர்க்கப்பலைத் தேடும் இன்றைய வாசகர், சூடாவில் மூழ்கியதை விடுத்து, எப்போதும் மறைந்திராத கப்பலைப் பற்றிய கற்பனைகளிலேயே முதலில் சிக்குகிறார். அது 1999-இல் பழைய இரும்பாக விற்கப்பட்டது.

இரண்டாவது அயேட்டோஸ் மட்டும் 1993-இல் அமெரிக்காவுக்குத் திரும்பியது. தன் பழைய பெயரான ‘ஸ்லேட்டர்’ என்பதை மீண்டும் ஏற்று, நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனி நகரில், ஹட்சன் ஆற்றங்கரையில் அருங்காட்சியகமாக நிற்கிறது.